யான்மார் 3ஜிஎம்30எஃப்: புது இம்பெல்லர் போட்டும் 2600 ஆர்பிஎம்மில் சூடு ஏறுகிறது

தெலாகா34 (கேள்வி)

வணக்கம். 34 அடி ஸ்லூப் (ஒற்றைப் பாய்மரப் படகு), ஃபைபர் கிளாஸ். எஞ்சின் யான்மார் 3ஜிஎம்30எஃப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்டின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் கருவி) வைத்த நன்னீர்ச் சுற்று வகை. ஷாஃப்ட் டிரைவ், மடங்காத மூன்று இதழ் புரொப்பெல்லர். லங்காவி மரீனாவில் ஏழு மாதம் அசையாமல் கட்டிக் கிடந்த படகு. டிசம்பர் நடுவில் லீப்பே, ரோக், பீபீ தீவுகள் வழியாகப் புக்கெட் போக எண்ணம்.

1500 ஆர்பிஎம்மில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஒன்றும் இல்லை. 2600-க்கு ஏற்றினால் பதினைந்து, இருபது நிமிடத்தில் சூட்டு பஸ்ஸர் கத்துகிறது. ஐடிலுக்கு இறக்கினால் நான்கைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். பேனலில் வெப்பமானி கிடையாது, பஸ்ஸரும் விளக்கும்தான். எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறது, ஆனால் மெலிந்து வருகிறது, கூடவே வெள்ளையாக ஆவி. முழு த்ராட்டிலில் முன்பு 3400 தொடும், இப்போது 2900-ஐத் தாண்டவில்லை. 2600-இல் 5.8 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) போன படகு இப்போது 4.2-தான் போகிறது.

இதுவரை செய்தது: கடல்நீர் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) கூடையைக் கழுவினேன். இம்பெல்லர் (கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம்) மாற்றினேன். பழையதில் இரண்டு இதழ்கள் இல்லை; பம்புக்குள் தேடினேன், கிடைக்கவில்லை. மூடியின் காகித கேஸ்கெட் கிழிந்துபோனதால் சிலிக்கான் தடவி மூடினேன். கூலன்ட் குறைந்திருக்கவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் சூடானதும் திறக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டுப் போங்கள் என்கிறார். செய்யலாமா?


கொண்டல்காற்று

கழற்றாதீர்கள். உங்களுடையது போன்ற நன்னீர்ச் சுற்று (எஃப்) வகை எஞ்சினில் தெர்மோஸ்டாட் 71 டிகிரியில் திறக்கத் தொடங்கி 85 வாக்கில் முழுதாகத் திறக்கும். அது இல்லாமல் ஓட்டினால் குறைந்த வேகத்தில் எஞ்சின் சூடே ஏறாமல் ஓடும். டீசல் சரியாக எரியாது, கரி சேரும். அந்தக் கரி போய் உட்காருவது எக்ஸாஸ்ட் எல்போவில் (புகையும் கடல்நீரும் கலக்கும் வளைகுழாய்). இன்று இல்லாத நோயை நாளைக்கு வரவழைத்துக்கொள்வதாகும். சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானி வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. 71-ஐ ஒட்டி வாய் பிளந்தால் நல்லது, அப்படியே திருப்பி மாட்டுங்கள். வாய் திறக்காவிட்டால் மட்டும் புதியது.

நீங்கள் சொன்ன அறிகுறிகளில் இரண்டு வியாதிகள் கலந்திருக்கின்றன. சூடு அதிகமாக உண்டாவது ஒன்று, உண்டான சூடு வெளியேறாதது இன்னொன்று. ஆர்பிஎம் 3400-லிருந்து 2900-க்கு இறங்கியதும், வேகம் 5.8-லிருந்து 4.2-க்கு விழுந்ததும் முதல் வகை. அந்தக் கடலில் தண்ணீர் 29, 30 டிகிரி. ஏழு மாதம் நின்ற படகின் புரொப்பெல்லரில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுக் கடலுயிரி) அப்பியிருக்கும். வெண்கலத்தில் ஆன்டிஃபவுலிங் (கடலுயிரி ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பெரும்பாலும் நிற்பதில்லை, அதனால் ஹல் (படகின் உடல்) ஓரளவு சுத்தமாக இருந்தாலும் புரொப்பெல்லர் சிப்பிக்கட்டியாகியிருக்கும். அதைச் சுற்றவே எஞ்சின் திணறுகிறது. எக்ஸாஸ்டில் வெள்ளை ஆவியோடு கறுப்புப் புகையும், தண்ணீர்மேல் மைக்கறையும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சுமை அதிகம்.

மெலிந்த தண்ணீர் இரண்டாவது வகை. இதைக் கணக்காகவே போடலாம். அந்த வேகத்தில் எஞ்சின் கடல்நீருக்குத் தள்ளும் சூடு தோராயமாக 8 கிலோவாட் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் தண்ணீர் 12 டிகிரி சூடேறி 42-இல் வெளியேறும். 5 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் 24 டிகிரி ஏறி 54-இல் வரும். சூடான குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு வேகமாகப் படியத் தொடங்கும், படிந்த சுண்ணாம்பு சூடு கடப்பதை இன்னும் தடுக்கும். குறைந்த வேகத்தில் சரியாகவும் கூடிய வேகத்தில் மட்டும் சூடாகவும் இருப்பது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

எதையும் பிரிக்கும் முன் அளந்து பாருங்கள். எக்ஸ்சேஞ்சரிலிருந்து எல்போவுக்குப் போகும் ஹோஸை எல்போ முனையில் கழற்றி, 10 லிட்டர் வாளியில் விடுங்கள். கியர் நியூட்ரல். 1000 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் ஓட்டி அளவு பாருங்கள், பிறகு 2000-இல் அரை நிமிடம். எல்போவுக்குத் தண்ணீர் போகாத நேரம் இது. எக்ஸாஸ்ட் ரப்பர் ஹோஸ் வறண்ட புகையில் கருகும், பிளாஸ்டிக் மஃப்ளர் இளகும். ஆகவே ஒவ்வொரு ஓட்டமும் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் ஹோஸை மாட்டி ஆற விடுங்கள்.

இம்பெல்லர் பம்பு ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளுவது. ஆர்பிஎம் இரட்டித்தால் தண்ணீரும் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். இரட்டிக்காவிட்டால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு, அல்லது பெல்ட் வழுக்குகிறது. புல்லி அருகே கறுப்புத் தூள் இருந்தால் பெல்ட்தான். இரண்டு வேகத்திலும் குறைவாக இருந்து, குறைந்த வேகத்தில் இன்னும் மோசமாக இருந்தால், பம்புக்குள் இடைவெளி அதிகம்.

அடுத்து, தண்ணீர் வரும் வழியை இரண்டாகப் பிரித்து எந்தப் பாதியில் குற்றம் என்று பார்க்கும் சோதனை. சீகாக்கை (படகின் அடித்துளையை மூடித் திறக்கும் வால்வு) மூடுங்கள், பம்பின் உள்வரும் ஹோஸைக் கழற்றி, அதே அளவுள்ள துண்டு ஹோஸ் ஒன்றை மாட்டி, மறுமுனையை எஞ்சின் அறையில் வைத்த தண்ணீர் வாளியில் போடுங்கள். வாளி நீர்மட்ட உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. மறுபடி 2000-இல் அளக்கவும். தண்ணீர் கூடினால் குற்றம் பம்புக்கு முன்னால்: சீகாக், படகின் அடித்துளை, ஸ்ட்ரெய்னர், அல்லது உறிஞ்சும்போது உள்ளே சப்பிப்போகும் பழைய ஹோஸ். கூடாவிட்டால் பம்பும் அதற்குப் பின்னால் உள்ளதும்.


கரிப்புகை

மேலே சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

அந்த இரண்டு இதழ்கள் காற்றில் கரையவில்லை. பம்பிலிருந்து தண்ணீர் போகும் வழியில் முதல் வளைவிலோ, எக்ஸ்சேஞ்சரின் நுழைவு முனையிலோதான் இருக்கும். ரப்பர்த் துண்டு எக்ஸ்சேஞ்சருக்குள் உள்ள குழாய்க் கட்டின் முகத்தில் ஒட்டிக்கொண்டு நாலைந்து குழாய்களை மூடிவிடும். எக்ஸ்சேஞ்சரின் இரு முனை மூடிகளையும் கழற்றிப் பாருங்கள், ஹோஸ்களைக் கழற்றி ஊதிப் பாருங்கள். பழைய இம்பெல்லரைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால், கிடைத்த துண்டுகளை அதன் மேல் பொருத்தி எண்ணிக்கை சரியாகிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை சேரும்வரை தேடல் முடியவில்லை.

குழாய்க் கட்டு வெளியே வந்தால், ஒவ்வொரு குழாயிலும் சத்தே குச்சியை (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி) விட்டுத் தள்ளுங்கள். அளவு அச்சாக அமைகிறது, செம்பைக் கீறுவதும் இல்லை. இரும்புக் கம்பி வேண்டாம். பிறகு சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம், பிளாஸ்டிக் வாளியில் முழுக வையுங்கள். நுரை அடங்கியதும் எடுத்து, மறுபடி நுரைக்கிறதா என்று புதுக் கரைசலில் பாருங்கள். பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரம் போதும். குளியலறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். அது அலுமினிய உறையைத் தின்னும். திருப்பி மாட்டும்போது ஓ-ரிங்குகள் புதியவை. பழையது தட்டையாகிவிட்டிருக்கும், அது கசிந்தால் கூலன்டும் கடல்நீரும் கலக்கும்.

இரண்டாவது, மிக்ஸிங் எல்போ. சூடான புகையும் கடல்நீரும் சந்திக்கும் இடம். கரியும் உப்பும் சேர்ந்து சிமென்டுபோல் இறுகிவிடும். இது சூட்டையும் ஏற்றும், அதோடு புகை வெளியேற முடியாமல் எஞ்சினின் மூச்சையும் அடைத்து உச்ச ஆர்பிஎம்மையும் குறைக்கும். ஆகவே 2900-க்கு புரொப்பெல்லர் மட்டும் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். கட்டித்துறையில் நியூட்ரலில் முழு த்ராட்டில் கொடுத்தால் ஆர்பிஎம் ஏறத்தான் செய்யும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எல்போவைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். துளையில் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலோ, சுவரை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொருபொருவென உதிர்ந்தாலோ சுத்தம் செய்து நேரத்தை வீணாக்காமல் புதியது வாங்குங்கள். உள்சுவர் துருப்பிடித்து ஓட்டை விழுந்த எல்போ, எஞ்சின் நின்றதும் கடல்நீரைச் சிலிண்டர் பக்கம் அனுப்பும்.

வெள்ளை ஆவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில அடி தூரத்தில் கரைந்து மறைந்தால் நீராவி. மறையாமல் தொங்கி, கண் எரிந்து, தண்ணீர்மேல் வானவில் படலம் விட்டால் எரியாத டீசல். கூலன்ட் குறையவில்லை என்கிறீர்கள், அதனால் ஹெட் கேஸ்கெட் பயம் இப்போதைக்கு வேண்டாம்.


நங்கூரச்சங்கிலி

சிலிக்கான் விஷயத்தை யாரும் தொடவில்லை. பம்பு மூடியின் காகித கேஸ்கெட் கசிவுக்கு மட்டும் இல்லை, அதன் தடிமன்தான் இம்பெல்லருக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளியை நிர்ணயிக்கிறது. தடிமனாகச் சிலிக்கான் பூசினால் இதழ்களின் பக்கவாட்டில் தண்ணீர் நழுவும். முதலில் தண்ணீர் ஏறவே தாமதமாகும். உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் பிய்ந்து போய் எக்ஸ்சேஞ்சரில் அடையும். சுரண்டி எடுத்துவிட்டு அசல் கேஸ்கெட் போடுங்கள். இந்த எஞ்சினில் பம்பு மூடி பின்பக்கம் பார்த்து இருப்பதால், இடத்திலேயே வைத்து மாட்டப் போராடாமல் பெல்ட்டைத் தளர்த்திப் பம்பையே கழற்றிக்கொள்வது சுலபம். மூடியின் உள்முகத்தில் வட்டப் பள்ளம் விழுந்திருந்தால், கண்ணாடிப் பலகையில் 400 உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மட்டமாக்குங்கள். இம்பெல்லரை மாட்ட பாத்திரம் கழுவும் சோப்பு போதும், கிரீஸ் வேண்டாம்.

இன்னொன்று: இந்த வேலைகளுக்கு நடுவில் எஞ்சின் உடனே பிடிக்காமல் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருக்கும் நிலை வரும். எஞ்சின் ஓடாதபோது தண்ணீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் அழுத்தம் கிடையாது, ஆனால் பம்பு மட்டும் மஃப்ளரை நிரப்பிக்கொண்டே இருக்கும். நிரம்பினால் தண்ணீர் எஞ்சினுக்குள் திரும்பும். பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தால் சீகாக்கை மூடிவிட்டுச் சுற்றுங்கள், பிடித்த கையோடு திறங்கள். சாவியைச் சீகாக் கைப்பிடியில் தொங்கவிடும் பழக்கம் இதற்காகத்தான்.


தெலாகா34

அளந்துவிட்டேன்.

எல்போ முனையில்: 1000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4 லிட்டர், 2000-இல் 5. வாளியிலிருந்து உறிஞ்ச வைத்தபோது 2000-இல் 7. பெல்ட் சரி, தூள் இல்லை. எக்ஸ்சேஞ்சர் நுழைவு முனையில் ஒரு முழு இதழும், இன்னொன்றின் முக்கால்வாசியும், கொஞ்சம் சிலிக்கான் புழுக்களும் கிடைத்தன. குழாய்களில் பச்சை வெள்ளைப் படிவு. சிட்ரிக் அமிலத்தில் ஊற வைத்துக் குச்சியால் தள்ளிவிட்டேன். அசல் கேஸ்கெட் போட்டபின், வாளியிலிருந்து 2000-இல் 8.5.

முக்குளிப்பவர் ஹல்லும் புரொப்பெல்லரும் சுரண்டிவிட்டார். இதழ்களில் விரல்நக உயரத்துக்குக் கொட்டலசு இருந்ததாம். இப்போது முழு த்ராட்டிலில் 3300. அடித்துளையின் வெளிப்புறச் சல்லடையையும் சுரண்டியாயிற்று. ஆனால் சீகாக் வழியாக உறிஞ்சினால் 2000-இல் 6-ஐத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் 72-இல் திறந்தது. எல்போவை இன்னும் தொடவில்லை, போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன.


கொண்டல்காற்று

8.5-க்கும் 6-க்கும் உள்ள இரண்டரை லிட்டர், சல்லடைக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிறது. சல்லடை வெளியே சுத்தமானாலும், துளையின் கழுத்துக்குள்ளும் சீகாக் பந்துக்கு அடியிலும் கொட்டலசு வளர்ந்திருக்கும். இருட்டு, தண்ணீர் அசைவு, ஆன்டிஃபவுலிங் கிடையாது. அதற்குப் பிடித்த வீடு. முக்குளிப்பவரின் சுரண்டி அங்கே எட்டாது.

படகைக் கரையேற்றாமலே உள்ளிருந்து சுத்தம் செய்யலாம். சீகாக்கை மூடி, ஸ்ட்ரெய்னர் முனையில் ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸை நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே தூக்கிக் கட்டிவிட்டுச் சீகாக்கைத் திறந்தால், தண்ணீர் ஹோஸுக்குள் கடல்மட்டம்வரை ஏறி நின்றுவிடும், கொட்டாது. அந்த ஹோஸ் வழியாகவே வளையும் ஃபைபர் கம்பியையோ, பழைய பாய் பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கச் செருகும் பட்டைக் குச்சி) துண்டையோ விட்டுக் குத்தித் தள்ளுங்கள். சில்லுகள் கடலுக்குள் விழும். ஹோஸ் வளைந்து போவதால் கம்பி இறங்கவில்லை என்றால், சீகாக்கில் நேராக நிற்கும் அரை மீட்டர்த் துண்டு ஹோஸ் ஒன்றை மாட்டி அதன் வழியாக விடலாம்.

ஹோஸே இல்லாமல் வாயைத் திறந்துவிட்டுக் குத்தலாம் என்று நினைக்க வேண்டாம். நீர்மட்டத்துக்கு 40 செ.மீ. கீழே உள்ள 25 மி.மீ. துளை நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 லிட்டர் உள்ளே விடும். எப்படிச் செய்தாலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் மரக் கட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சீகாக் கைப்பிடி கனமாகத் திரும்பினால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். கழுத்தை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் போய்விட்டது, கையோடு உடையும். அந்தப் படகைக் கரையேற்றித்தான் ஆக வேண்டும்.

குத்திய பிறகும் 6-லேயே நின்றால் ஸ்ட்ரெய்னர் மூடியைப் பாருங்கள். கண்ணாடி மூடிக்குள் ஓயாமல் குமிழி ஓடினால் ரப்பர் வளையம் காற்றை இழுக்கிறது.


கரிப்புகை

3300 என்றால் எல்போ முழுக்க அடைத்திருக்கவில்லை. ஆனால் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். போல்ட்டுகளில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற வையுங்கள். மறுநாள் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். ஒடிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுக்க லங்காவியில் ஆள் உண்டு, ரோக் தீவில் கிடையாது. மேனிஃபோல்ட் கேஸ்கெட் புதியது கையில் இல்லாமல் கழற்றாதீர்கள்.

சோதனை ஓட்டம்: கடலில் 2600-இல் ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தெர்மோஸ்டாட் உறையையும், எக்ஸ்சேஞ்சரிலிருந்து வரும் கடல்நீர் ஹோஸையும், எல்போவுக்குப் பின்னுள்ள எக்ஸாஸ்ட் ஹோஸையும் அளந்து எழுதி வையுங்கள். உறை 75-லிருந்து 85-க்குள் ஏறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஊர்ந்துகொண்டே போனால், பஸ்ஸர் கத்தாவிட்டாலும் வேலை முடியவில்லை. எக்ஸாஸ்ட் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடிய வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும், அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.


நங்கூரச்சங்கிலி

பாதையைப் பற்றி. லங்காவியின் தெலாகா மரீனாவிலிருந்து லீப்பே சுமார் 30 கடல் மைல், லீப்பேயிலிருந்து ரோக் சுமார் 45, அங்கிருந்து பீபீ 35-ஐ ஒட்டி, பீபீயிலிருந்து புக்கெட்டின் சாலோங் விரிகுடா 25. டிசம்பரில் வாடைக்காற்று விடியற்காலையிலும் காலையிலும் நன்றாக வரும், நடுப்பகலில் பெரும்பாலும் செத்துவிடும். ஆகவே லீப்பே-ரோக் நாளில் பாதியாவது எஞ்சின்தான். ஐந்து நாட் என்று வைத்தாலும் ஒன்பது மணி நேரம். இருட்டில் கிளம்பினால் வலை மிதவைகள் தெரியாது, வெளிச்சம் வந்ததும் கிளம்பி, வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள்.

நடுவழியில் பஸ்ஸர் கத்தினால் முதலில் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். எக்ஸாஸ்டில் தண்ணீர் வந்தால் ஐடிலுக்கு இறக்கி நியூட்ரலில் ஓட விடுங்கள், மெதுவாக ஆறட்டும். தண்ணீரே இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பை சல்லடையை மூடியிருக்கலாம். எஞ்சின் நின்றதும் சில நேரம் தானே கழன்றுவிடும். கூலன்ட் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், குறைந்தது முக்கால் மணி நேரம். பாய் மேலே இருந்தால் இதெல்லாம் பதற்றமில்லாமல் நடக்கும், அதனால் காற்றில்லா நேரத்திலும் மெயின் பாயை ஏற்றியே வையுங்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியவை: இம்பெல்லர் இரண்டு, மூடி கேஸ்கெட் நான்கு, பம்பு பெல்ட்டும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் இரண்டிரண்டு, தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும், கடல்நீர் ஹோஸ் ஒரு மீட்டர், 316 ஸ்டீல் ஹோஸ் கிளிப் பத்து, கலந்து வைத்த கூலன்ட் ஐந்து லிட்டர். முக்குளிப்பவர் இன்னும் பக்கத்தில் இருந்தால் ஷாஃப்ட் ஜிங்க் (உலோக அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு) எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் கிளம்பும் முன் மாற்றச் சொல்லுங்கள், கொட்டலசோடு சேர்த்து அதையும் சுரண்டி எறிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.